வலது கை நகங்கள்

அம்மாவின் இடது கை நகங்களை வெட்டி முடித்ததும் போதகர் எழுந்துவிட்டார். வலது கைப் பக்கம் அவர் போவதில்லை. அது அவருடைய மனைவியின் பொறுப்பு.

இன்று மனைவி பாட்டுக் குழுவோடு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். அம்மாவோ வலது கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெந்து சுருங்கி, இரண்டு விரல்கள் ஒட்டிப்போன கை.

சின்ன வயதில் வீடு தீப்பற்றிய அன்று, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். புகையில் மயங்கிப்போன போதகர் கண் விழித்தது மாடிவீட்டுக்காரரின் தோளில். எதிரே அம்மாவின் மடியில் தம்பி இருந்தான்.

அன்றிலிருந்து அந்தக் கையைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றெரிச்சல். வெள்ளை அங்கிக்குள் வைத்துக்கொள்ளக் கூடாத சமாச்சாரம்தான். என்ன செய்ய, இருந்தது.

இன்றைய பிரசங்கம், கடவுள் சிலரை மட்டும் தெரிந்தெடுப்பதைப் பற்றி. அதற்கான தகுதி நம்மிடம் ஒன்றுமில்லை, எல்லாம் கிருபை என்று வாய் வலிக்கச் சொல்லுவார். சபையும் நன்றாகத் தலையாட்டும். விடப்பட்டவன் பக்கம் நின்று யாரும் கேட்டதில்லை. அவர் மட்டும் மேடையில் நின்றபடியே மனசுக்குள் கேட்பார், என்னை ஏன்மா விட்டே என்று.

கோயிலில் முதல் மணி அடித்தது.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் நகம் தடித்துக் கிடந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே கேள்வி வாய்தவறி வெளியே வந்துவிட்டது.

“அம்மா, அன்னைக்கு ஏன் அவனை மட்டும் தூக்கினே?”

“மட்டுமா? அவன் கதவுகிட்டப் படுத்திருந்தான்டா. கைக்கு எட்டினவனை முதல்ல எடுத்தேன்.”

இவ்வளவுதானா! இத்தனை வருஷம் படித்த வேதசாஸ்திரமெல்லாம் எதற்கு? போதகருக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

“சரி விடு. கை இப்படி வெந்தப்புறம் என்னைத் தேடி எப்படி வந்திருப்பே?”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கதவுகிட்ட ஏதுடா தீ? நீ பயந்துபோய் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தே. உன்னை வெளிய இழுக்கும்போது வெந்ததுடா இது. வாசல் வரைக்கும்தான் என்னால முடிஞ்சது, அங்க மாடிவீட்டுக்காரர் வாங்கிக்கிட்டார். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!”

இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. போதகர் அந்தக் கையை விடவில்லை.