செல்லமுத்துவின் பாட்டு

பாட்டைப் பதிவு செய்ய மூன்றாவது முறையாகக் கொல்லிமலை ஏறி வந்திருந்தான் கார்த்தி. பாட்டுக்காரி இருசாயி இன்றும் பாட மறுத்துவிட்டாள்.

"ஊர் ஊராப் போய்ப் பாடறீங்க. கேட்டவங்க எல்லாம் அழுதாங்களாம். எனக்கு மட்டும் ஏம்மா இந்தப் பிகு?" எரிச்சலை அவனால் அடக்க முடியவில்லை.

வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் செல்லமுத்துவும் சேர்ந்துகொண்டார். "எம்மேலயும் இவ ஒரு பாட்டுக் கட்டி வெச்சிருக்காளுங்க. வருசக்கணக்காக் கெஞ்சறேன், பாட மாட்டேங்கறா!"

"அதையே பாடுங்களேன். ஐயாவே எதிர்ல இருக்காரே!"

இருசாயி வெடித்தாள். "ஏனுங்க, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கற மனுசனுக்கு எப்படீங்க ஒப்பாரி வெக்கறது?"

கார்த்தி சட்டென்று செல்போனை அணைத்தான்.

செல்லமுத்து மட்டும் விடுவதாக இல்லை. "ஊரே கேக்கப்போவுது. நான் ஒருத்தன்தான் கேக்க முடியாதாக்கும்!"