எதிர் வீட்டுப் பெட்டி

"உன் ஊட்ல ராப்பகலா ஓடிகினு கீதே அந்தப் பொட்டி, அதாம்ப்பா எங்க ஊட்டு கரண்ட்டையும் சேத்து இழுக்குது!"

எதிர் வீட்டு வேம்புலியம்மாள், கரண்ட் பில் வந்திருந்த செல்போனை ஜெகதீஷின் மூக்குக்கு நேராக நீட்டினாள். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அந்தப் புது அடுக்ககத்தில் இருவரும் ஒரே மாதம் குடிவந்தவர்கள்.

ஜெகதீஷ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அம்மா, அது சர்வர். எங்க போட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு. சுவத்தத் தாண்டி வந்து உங்க கரண்ட்ட எப்படிம்மா இழுக்கும்?"

"அப்ப நான் இன்னாத்த போட்டு ஓட்டிட்டேன்? ஒத்த ஃபேனு, ஒத்த லைட்டு. பில்லுக்குப் பயந்து ஃபிரிட்ஜகூட நிறுத்திட்டேன். என் சுகர் ஊசி மருந்து துலுக்கானம் கடை ஐஸ் பொட்டில கீது. அவன் கடையத் தொறந்தாத்தான் எனக்கு ஊசி."

ஜெகதீஷுக்குப் பாவமாக இருந்தது. பாடம் எடுக்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷமும் கூடவே இருந்தது.

"இதுக்கு ஒரு கணக்கு இருக்கும்மா. சர்வர் நாப்பது வாட். நாள் முழுக்க ஓடினா ஒரு யூனிட் வரும். நானும் முதல்ல அப்படித்தான் போட்டேன். பில்லு அதவிடக் கம்மியா வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, யாரும் தொடாதப்ப உள்ள இருக்கிற டிஸ்க் தூங்கிடுது. கணக்கத் திருத்திட்டேன்."

"ஏ.சி.யும் தூங்குதாங்க?" உள்ளிருந்து அவன் மனைவி ரோஷினி கேட்டாள்.

"அது இன்வெர்ட்டர் ஏ.சி. ரோஷினி, கம்மியாத்தான் இழுக்கும்!"

வேம்புலியம்மாள் மசியவில்லை. "உன் கணக்கெல்லாம் எனக்கு வாணாம் நைனா. பில்லு கட்டாட்டி ஃபியூஸ புடுங்கிடுவான். என் கரண்ட்டு எங்க போவுது? அத்தச் சொல்லு."

"யாரோ உங்க லைன்ல திருடுறான். இப்பவே பிடிச்சுக் காட்டுறேன், வாங்க."

அவள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினான். ஃபேன் நின்றது. இருவரும் இறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பலகைக்கு முன் நின்றார்கள். கரண்ட் ஓடும்வரை மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னும். வீட்டில் எல்லாம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

வேம்புலியம்மாளின் வீட்டு எண் எழுதிய மீட்டர் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, திருட்டேதான்! எவனா இருந்தாலும் நான் விடப்போறதில்ல." ஜெகதீஷுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மற்ற மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். எல்லாம் மின்னின, ஒன்றைத் தவிர.

"இன்னா நைனா, ஆளு யார்னு தெரிஞ்சிச்சா?"

ஜெகதீஷ் மின்னாத மீட்டருக்கு அருகே குனிந்தான். மேலே ஏ.சி.யும் சர்வரும் ஓடிக்கொண்டிருக்க, வேம்புலியம்மாள் வீட்டைப் போலவே அணைந்து கிடந்த அந்த ஒரே மீட்டரில் எழுதியிருந்தது அவன் வீட்டு எண்.