சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவன்

"இண்டைக்கும் வாறான்!"

சரவணமுத்து திரும்பிப் பார்க்காமலே பல்லைக் கடித்தார். பின்னால் இருபது அடி தள்ளி 'டிக் டிக்' என்று சைக்கிள் சத்தம். மூன்று வாரமாக இதே கூத்து.

முந்திக்கொண்டும் போக மாட்டான், ஏறி ஓட்டவும் மாட்டான். ஏற்றத்தில் தள்ளினால் நியாயம். இறக்கத்திலும் சைக்கிளைத் தள்ளுகிற ஆளை அவர் இந்த மலையூர் கொஸ்லந்தவில்தான் பார்க்கிறார்.

கேரியரில் மடித்துக் கட்டிய ஒரு சாக்கு. அதன்மேல் ஒருநாளும் சுமை இருந்ததில்லை. ஆளுக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். காலை ஏழு மணிக்கே போட்டுக்கொண்டு வருகிறான், வேறென்ன!

சரவணமுத்து இங்கே தபாலதிபர். வடக்கே சாவகச்சேரிக்காரர். மனைவி கனடாவில் மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். இவருக்கு ஒரு வாடகை அறை, ஒரு கேத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். அதுவும் பேரன் அழுதால் பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் சீனி வியாதி க்ளினிக்கில் டொக்டர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இனி பஸ்ஸை மறந்துவிடுங்க. வேலைக்கு நடந்து போங்க, முடிந்தால் சைக்கிள்ல போங்க. சீனி, பிரஷர், நித்திரை, மனசு எல்லாத்துக்கும் நல்லது. ஆனால் இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாமல் நடந்தால் சீனி சட்டென்று இறங்கும். கொஞ்ச நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு நடங்க."

"ஆரைக் கூட்டிக்கொண்டு போறது, டொக்டர்? எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தார். குரல் கம்மிவிட்டது. முதுகை உரசிக்கொண்டு நின்ற வரிசைக்குக் கேட்டிருக்குமே என்று வெட்கமாகிப் போய், யார் முகத்தையும் பார்க்காமல் மருந்துத் துண்டோடு வெளியே வந்துவிட்டார்.

நடை நல்லதுதான். பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருந்தது. படுத்தவுடன் நித்திரை வந்தது. இந்த ஆளின் தொல்லைதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்குச் சட்டென்று திரும்பி நின்றார்.

"ஐசே, உமக்கு என்ன வேணும்?"

அவன் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். "ஒன்னும் வேணாங்க சேர்."

"பேர்?"

"நல்லையாங்க."

"மகனுக்கு வேலை கீலை கேக்கிற எண்ணமோ? அந்தக் கதை என்னட்டை வேண்டாம்."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நடக்குறது ஒடம்புக்கு நல்லதுன்னாங்க. அதான் நடக்குறேன்."

"அப்ப சைக்கிள்?"

"சைக்கிளும் நல்லதுன்னாங்க."

"ரெண்டையும் ஒண்டாச் செய்யச் சொன்னவையோ?"

நல்லையா தலையைச் சொறிந்தான்.

"இஞ்ச பாரும். விடியக்காலமை குடிவெறியில வாற ஆளோட எனக்குச் சகவாசம் வேண்டாம். நாளையில இருந்து என்ர பின்னால வரக்கூடாது. விளங்குதோ?"

"சரிங்க சேர்."

மறுநாள் சத்தமே இல்லை. விட்டது சனி என்று நடந்தார். அரை மைல் தாண்டியதும் காது அந்த 'டிக் டிக்'கைத் தேடத் தொடங்கியது. ரோட்டில் பனிமூட்டம், ஒரு ஈ காக்கை இல்லை. இத்தனை நாளும் தனியாகத்தான் நடக்கிறோம் என்று நினைத்திருந்தார். இன்றைக்கு நடப்பதுதான் தனியாக நடப்பது என்று பட்டது.

காலையில் தன்னந்தனியாக உட்கார்ந்து பாண் தின்னப் பிடிக்காமல், வெறும் தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். பாலத்தருகில் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. ரோட்டோரத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கூப்பிடக் குரல் வரவில்லை. கூப்பிட்டாலும் யார் வரப்போகிறார்கள்?

'டிக் டிக் டிக் டிக்.'

யாரோ ஓடி வந்தார்கள். தலையை நிமிர்த்தி, வாய்க்குள் ஒரு டொபி மிட்டாயைத் திணித்தார்கள். பிறகு இன்னொன்று.

கண் தெளிந்தபோது அவர் கேரியரில், அந்த மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். நல்லையா ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உம்மை வரவேண்டாம் எண்டனான்..."

"கிட்ட வரலீங்க சேர். சத்தம் கேக்காத தூரத்துலதான் வந்தேன்."

"வீடு இந்தப் பக்கமோ?"

"இல்லீங்க. நம்ம லயத்து வீடு தேயிலை பெக்டரிக்கு அங்கிட்டு. பெக்டரில ராத்திரி வேலை முடிஞ்சதும் உங்களத் தபால் கந்தோர்ல விட்டுட்டு, அப்பறம் வீட்டுக்குப் போயித் தூங்குவேன்."

அந்தக் கண்ணைப் பார்த்தா குடிவெறி என்றோம்? சரவணமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உமக்கு ஏன் ஐசே இந்தக் கரைச்சல்? நான் உமக்கு ஆர்?"

நல்லையா சைக்கிளை நிறுத்தாமலே சொன்னான்.

"க்ளினிக்ல டாக்டரம்மாகிட்ட, 'எனக்கு இங்க ஒருத்தரும் இல்ல'ன்னு சொன்னீங்களே சேர்... வரிசையில உங்க பின்னால நான்தாங்க நின்னேன்."