துரை செய்த மூன்றாவது கொலை

“துரை இனி ஒரு நிமிஷம்கூட இந்த வீட்டுல இருக்கக்கூடாது!” என்று கத்தினார் ஜெயபாலன். “பெத்த அப்பனா அவன்? கொலைகாரன்!”

அவர் மனைவி கஸ்தூரி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தாள். “கோவத்துல எதையாவது செஞ்சிடாதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போமே.”

“மூணு தடவ பாத்தாச்சு. மூணு தடவையும் ஒரு பிள்ளைகூட மிச்சம் இல்ல!”

சொல்லிக்கொண்டே வலையைத் தொட்டிக்குள் விட்டு, துரையை அள்ளித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டார். துரை, உள்ளங்கை அகல ஏஞ்சல் மீன். எஸ்டேட் துரைமாதிரி யாரையும் மதிக்காமல் விறைப்பாக நிற்கிறானே என்று அந்தப் பெயரை ஆசையாக வைத்தவரும் அவர்தான். தாய்மீன் மேல் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. பெண்பிள்ளை அப்படியெல்லாம் செய்யமாட்டாள் என்பது அவர் கட்சி.

விடிவதற்கு முன்பே ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு ஓடி, பொழுது சாய்ந்து திரும்பும் மனிதருக்கு அந்தக் கண்ணாடித் தொட்டிதான் ஒரே ஆறுதல். ஒரு ஈட்டுக் குஞ்சுகளையாவது வளர்த்து ஆளாக்கிவிட வேண்டும் என்பது வெறியாகவே மாறியிருந்தது. முட்டை பொரிந்ததுமே கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் போனில் படம் காட்டிவிடுவார்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தால், தொட்டி துடைத்து வைத்ததுபோல் இருக்கும். முதல் தடவை அப்படி ஆகி இரண்டரை மாதம் ஆகிறது. இப்போது மூன்றாவது முறை. பஸ்ஸில் அவரிடம் துக்கம் விசாரிக்காத ஆள் பாக்கி இல்லை.

“நீங்க வீட்டுல இருக்கிற நேரமெல்லாம் டார்ச் லைட் அடிச்சு அடிச்சுப் பாக்குறீங்க,” என்றாள் கஸ்தூரி. “அதுங்க பயப்படாதா?”

“வந்துட்டா டாக்டர்! மீனப் பத்தி உனக்கு என்ன தெரியும்? தொட்டிப் பக்கமே வராதன்னு சொல்லியிருக்கேன்ல?”

“சரி, சாப்பிட்டுட்டாவது போங்க,” என்று தட்டை வைத்தாள்.

நாசி லெமாக், நெத்திலி சம்பால், அவித்த முட்டை. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் லேசாக எட்டிப் பார்த்ததிலிருந்து, இரண்டு மாதத்துக்கும் மேலாக மஞ்சள் கருவை அவர் கண்ணில்கூடக் காட்டுவதில்லை அவள். நடுவில் குழிந்து கிடந்த வெள்ளையைப் பார்த்ததும் ஜெயபாலனுக்கு எரிச்சல் கூடியது.

“உழைக்கிற மனுசனுக்கு ஒரு முழு முட்டைக்கு வழியில்ல,” என்று முணுமுணுத்துக்கொண்டே விழுங்கிவிட்டு, துரையோடு காரில் ஏறினார்.

எப்போதும் சிங்கப்பூரிலேயே மீன் வாங்கிப் பழகியவர். இரண்டு தாமான் குடியிருப்புகள் தள்ளியிருந்த லூயிஸின் மீன் கடைக்குள் அன்றுதான் முதல்முறையாக நுழைந்தார்.

“பாஸ், இவன எடுத்துக்குங்க. பெரிய மீனுக்குத் தீனியாப் போட்டாலும் சரி, எனக்குக் கவலையில்ல. புள்ளைங்களத் தின்னாத நல்ல ஆண் மீனு ஒண்ணு குடுங்க.”

லூயிஸ் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அலமாக்! அருமையான மீன் லா அண்ணே இது. தின்னத நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“இதுக்குச் சாட்சி வேறயா? காலையில வேலைக்குப் போறப்ப இருக்குது, சாயங்காலம் வந்தா இல்ல. வேற யாரு தின்னா?”

லூயிஸ் பதில் சொல்வதற்குள் ஜெயபாலனின் பார்வை பக்கத்துத் தொட்டியில் விழுந்தது. இருபது காசு அகலத்தில் ஐம்பது அறுபது ஏஞ்சல் குட்டிகள். எல்லாமே விறைப்பாக, யாரையும் மதிக்காமல் நின்றன.

“முதல் ஈட்டுக் குஞ்சுங்க இருந்திருந்தா, இந்நேரம் இந்த அளவுக்கு வந்திருக்கும்,” என்றார். “யாரு வளத்தது? பெரிய பண்ணையா?”

“பண்ணையெல்லாம் இல்லண்ணே. ஒரு அம்மா, வீட்டுலதான் இருக்காங்க. குஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் தனியாப் பிரிச்சு, தெர்மாகோல் ஐஸ் பெட்டியில தண்ணி விட்டு வளக்குறாங்க. ஒண்ணுகூடச் சாகல.”

“கெட்டிக்காரி!” என்று தலையாட்டினார் ஜெயபாலன். “எனக்கும் வாச்சிருக்கே ஒண்ணு. வெங்காயம் அரியறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ்வளவு பொடிக் குஞ்சுக்கு என்னதான் குடுக்குறாங்க? நான் டப்பா டப்பாவா வாங்கி வச்சிருக்கேன்.”

“டப்பாவெல்லாம் வேணாம்ணே. முட்டைய அவிச்சு, மஞ்சக்கருவத் துணியில கட்டித் தண்ணியில கசக்கி விடுறாங்க. வேளா வேளைக்குக் கொஞ்சம். அவ்வளவுதான்.”

ஜெயபாலன் அதைக் கவனமாகப் போனில் குறித்துக்கொண்டார். அடுத்த ஈட்டை எப்படியும் காப்பாற்றிவிடலாம் என்ற தெம்பு வந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

“தினமும் முட்டைன்னா, வெள்ளைக்கருவெல்லாம் வீணாப் போகுமே?”

லூயிஸ் சிரித்தார்.

“போகாதுண்ணே, அவங்க வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ராலாம்!”