மாடிவீட்டுக்காரியின் பிடிவாதம்

மாடியைக் காலி செய்ய முடியாது என்று செனோபியா சொல்லிவிட்டாள். அதுவும் சூப்புக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

கேட்டு நின்ற நில்டாதான் வீட்டுக்காரி. கொச்சபம்பாவில் சீட்டுப் போட்டு, கடன் வாங்கி, ஒரு மாடி எழுப்பி முதல்முதலாகக் குடிவைத்த வீடு அது. வாடகைக்கு இல்லை, ஒத்திக்கு. செனோபியா மொத்தமாகப் பன்னிரண்டாயிரம் டாலர் கொடுத்தாள். இரண்டு வருஷம் வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் நில்டா பணத்தைத் திருப்ப வேண்டும், செனோபியா வீட்டைத் திருப்ப வேண்டும். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் குடியிருக்கிறார்கள்.

கெடு போன மாசமே முடிந்துவிட்டது.

நாத்தனார் பெனிதா நான்கு வீடுகளில் ஆள் குடிவைத்துப் பழம் தின்று கொட்டை போட்டவள். ஆரம்பத்திலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒத்திப் பணத்தில் கை வைக்காதே, அது உன்னுடையது இல்லை. குடியிருக்கிறவர்களோடு கொஞ்சிக் குலாவாதே. கெடு முடிந்தபின் ஒரு நாள்கூட விட்டுவைக்காதே.

நில்டா அத்தனையும் கேட்டு நடந்தாள். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல், வங்கியில் போடச் சொல்லிக் கணவன் ரெம்பெர்டோவிடம் கொடுத்தாள்.

அடுத்து வர ஒரு பல் டாக்டர் தயாராக இருந்தார். மாதாமாதம் வாடகை. அது வந்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்கு நில்டா ஒரு கும்பிடு போட்டுவிடலாம். கொதிநீரிலும் காரத்திலும் அவள் விரல்கள் வெந்துபோயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவி கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் நில்டா.

பொம்பளைங்க விஷயத்தில் ஆண்கள் தலையிட்டால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு, ரெம்பெர்டோ முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டான். போன வாரம்தான் வெட்டியிருந்தான்.

பெனிதா வந்து மாடியை அண்ணாந்து பார்த்தாள். "சிரிச்சுச் சிரிச்சுப் பேசினே இல்ல? நாளைக்கு உன் கட்டில்ல வந்து படுப்பா. நீ போத்தி விடு."

சனிக்கிழமை தெருச் சங்கத் தலைவரை அழைத்துவந்தார்கள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. எல்லோர் முன்னாலும் பணத்தைச் செனோபியா கையில் வைத்துவிடலாம் என்றாள் நில்டா. அவ்வளவு பணத்தைத் தெருவில் தூக்கிவருவது ஆபத்து, முதலில் அவள் சம்மதிக்கட்டும் என்றான் ரெம்பெர்டோ. அதுதான் புத்திசாலித்தனம் என்று தலைவரும் தலையாட்டினார்.

"பணம் தயாரா இருக்காமே. வாங்கிட்டுப் போறதுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"பணம் வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் இருப்பேன்" என்றாள் செனோபியா.

"காரணம்?"

"காத்து நல்லா வருது."

தலைவர் ஒத்தித் தகராறுகளிலேயே தலை நரைத்தவர். பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறார். பணமே வேண்டாம் என்கிற குடித்தனக்காரியை இப்போதுதான் பார்க்கிறார். கோர்ட்டுக்குப் போனாலும் ஒரு வருஷம் ஆகிவிடும், அதற்கு இவளே தேவலை என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

நில்டாவால் பொறுக்க முடியவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சொந்தமா ஒரு செங்கல் வாங்க வக்கில்ல. அடுத்தவங்க கூரையைப் பிடிச்சுத் தொங்கறதுக்கு நல்ல தடிச்ச தோல் வேணும்."

ஜன்னல்களில் சிரித்தார்கள். செனோபியா சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள், பதிலுக்குப் பதில் கொடுக்கத் தெரிந்தவள். அன்றைக்கு ஏனோ வாயைத் திறக்காமல் படியேறிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நில்டா வேலைக்குக் கிளம்பும்போது, கேட்டருகில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி நின்றிருந்தாள். செனோபியா இருக்கிறாளா என்று கேட்டாள். சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றாள் நில்டா.

"அவங்க என் வீட்டுக்குக் குடிவரதா இருந்தது. தரையோட இருக்கற வீடு. முட்டி வலிக்குப் படி ஆகாதுன்னு தேடிப் பிடிச்சாங்க, முன்பணம்கூடக் குடுத்துட்டாங்க. திடீர்னு வரலைன்னுட்டாங்க. வேற ஆளுக்கு விடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன் வரலையாம்?"

வந்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்காரர் ஒத்திப் பணத்துல ரகசியமா ஒரு பழைய மினிபஸ் வாங்கியிருக்கார். அது எஞ்சின் போய்க் கிடக்குதாம். பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பிரிஞ்சு போயிடுவான்னு மாடிக்கு வந்து அழுதாராம். இவங்க பார்த்தாங்க. சரி, கெட்ட பேரு எனக்கே இருக்கட்டும், ஒரு வருஷத்துல சம்பாதிச்சுக் குடுங்கன்னுட்டாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க, அதான் மெதுவா சொல்றேன்."

நில்டா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? அப்போ அந்தப் பொண்டாட்டியைத் தெரிஞ்சிருக்குமே. எப்படிப்பட்டவ?"

"வாய் கொஞ்சம் நீளம்" என்றாள் நில்டா. "மத்தபடி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சதா மாடியில சொல்லிடாதீங்க."