பிடிக்கக் கம்பி இல்லாத வண்டி

பைக் ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே வரும் மாலை வெயில் சிவப்பு வண்டியின் டாங்கில் தீயாய் மின்னுகிறது. பக்கத்தில், அவள் ஒரு மாதமாகப் பேசிப் பேசிக் கணவனைச் சம்மதிக்க வைத்திருந்த கறுப்பு வண்டி நிற்கிறது. நீளமான சீட்டு, பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி, துணி சிக்காதிருக்கச் சக்கரத்தோரம் வலை. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு வண்டியில் ஏறி, பாய்வதற்குப் பதுங்கியவன்போல் குனிந்திருக்கிறான். "நீங்களும் சும்மா ஏறிப் பாருங்கக்கா," என்கிறார் விற்பனையாளர். "ஏறேன், மானத்த வாங்காத," என்று முணுமுணுக்கிறான் கணவன். ஏறுகிறாள். உள்ளங்கை அகலச் சீட்டு. கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அவன் சாவியைத் திருகி, ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறான். உறுமல் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்புகிறது. வழக்கம்போல் அவள் கை பின்னால் போய்க் கம்பியைத் தேடுகிறது. வழவழப்பில் வழுக்கிக் காற்றைப் பிடிக்கிறது. பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் தெரிகின்றன. அவை ஏதோ ஒரு சாலையில் பறந்துகொண்டிருக்கின்றன; அவள் அங்கே இல்லை. மறுபடி உறுமல். நாலு பேர் முன்னால் அவன் தோளைக்கூடத் தொடாதவள், இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை முதுகில் புதைக்கிறாள். என்ஜின் அடங்குகிறது. கன்னத்தின் கீழே அவன் முதுகு குலுங்குகிறது, வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். "பாத்தீங்களா? அவளுக்கே ஆசை வந்துடுச்சு. இதுக்கே பில் போட்டுடுங்க." வேண்டாம் என்று சொல்ல வாய் திறக்கிறாள். கைகள் மட்டும் அவனை இன்னும் இறுக்குகின்றன.