இரண்டாவது விளக்கு

கூடத்துச் சுவரில் புதுப் பெயிண்ட் காய்ந்ததும், தயாளனும் மனைவி சுகந்தியும் அவனுடைய செத்துப்போன அப்பாவின் படத்தை மாட்டி, மேலிருந்த சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். அப்போதுதான் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்றும், அதற்கு மேல் எரியாத இன்னொரு விளக்கும் இருப்பதைச் சுகந்தி பார்த்தாள்.

"இது யாருக்குங்க?"

தயாளன் ஏணியில் நின்றபடியே குரலைத் தாழ்த்தினான். "ஒயரெல்லாம் சுவத்துக்குள்ள போகுது. நாளைப்பின்ன அம்மாவுக்குன்னு மறுபடி உடைக்க முடியுமா?"

"அடப்பாவி மனுஷா! அத்தை உள்ள காப்பி குடிச்சிட்டிருக்காங்க!"

அத்தை உள்ளே இல்லை. டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அம்மா திட்டவில்லை, அழவில்லை. அந்த ஆணியையே பார்த்தாள்.

"அவர் பக்கத்துலயாடா?"

"ஆமாம்மா... ஜோடியா இருக்கட்டுமேன்னு."

"வேண்டாம். அந்த எதிர்ச் சுவத்துல மாட்டு."

"அதுக்குள்ள தண்ணிக் குழாய் போகுதும்மா. ஆணி அடிக்க முடியாது."

"அப்ப எனக்குப் படமே வேண்டாம்" என்றாள் அம்மா.

தயாளனுக்கு அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.